ஒலித்தெளிவு: ஐந்துக்கு ஐந்து

எங்கள் அந்நிய மொழிகள் பள்ளியில் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் அதை மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டதற்கு ஒரு தாள் இருக்க வேண்டும். தாளில் ஏழு கையெழுத்துகள் இருக்க வேண்டும். பொருளும் இருந்தால் நல்லது.

அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்கிறவன் நான். பெயர் வக்காஸ். கோக்தெரே பல்கலைக்கழகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக எழுத்தர். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளியில் எழுத்தராக இருக்க அது ஒரு தடை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எழுதுகிற எதற்கும் எண்ணும் தேதியும் போடுவேன். இதையும் அப்படியே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் விதி. எங்களிடம் பொறியியலோ உணவியலோ படிக்க வருகிறவர்கள் தங்கள் துறைக்குள் நுழையுமுன் ஓராண்டு ஆங்கிலம் படிக்க வேண்டும். ஜூனில் தேர்வு. தவறினால் இன்னொரு ஆண்டு. மறுபடி தவறினால் பெயரை அடித்துவிடுவோம். துறைக்குள் கால் வைக்காமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மற்ற பகுதிகளில் எவ்வளவு வாங்கினாலும் கேட்டல் பகுதியில் தனியாக அறுபது எடுத்தாக வேண்டும். கேட்டல் தேர்வு, வாரியம் ஏற்றுக்கொண்ட பாடநூலின் ஒலிப்பதிவிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு கடைசி வாய்ப்பில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களில் ஒருத்தி குல்தெஸ்தே. வயது இருபத்தொன்பது. ஆறு வருடம் அலான்யாவில் ஒரு கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துவிட்டு, உணவுப் பொறியியல் படிக்க வந்தவள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா.

அவளை எனக்குத் தெரியவந்தது ஒரு தொலைபேசி அழைப்பால். செப்டம்பரில் ஒரு நாள் ஸ்காட்லாந்திலிருந்து வருகைதரு பேராசிரியர் ஒருவர் அழைத்தார். என் கையிலிருந்த தொலைபேசி அதிர அதிரப் பேசினார். நான் அதைப் பொத்திக்கொண்டு இயக்குநர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பேராசிரியர் தாஜெத்தின் என்ற எங்கள் இயக்குநர் இரு கைகளையும் அசைத்து, "நான் இல்லன்னு சொல்லு, நான் இல்லன்னு சொல்லு!" என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? நடையில் நின்றிருந்த மூன்று ஆசிரியர்களுக்கு ஒரே சமயத்தில் வகுப்பு நினைவுக்கு வந்தது. மாணவர் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றிருந்த குல்தெஸ்தே கையை நீட்டினாள்.

"கொடுங்க அண்ணே."

இரண்டு நிமிடம் பேசினாள். நடுவில் சிரித்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவரு வர்ற விமானம் தள்ளிப் போயிடுச்சாம். வியாழன் வருவாராம். அவருக்குக் கொட்டைப் பருப்பு ஒத்துக்காதாம், சாப்பாட்டுல பாத்துக்கணுமாம்."

"நீதான் போன வருஷம் கேட்டல்ல தவறினவளா?"

"ஆமாண்ணே. கேசட்டுல பேசுற ஆளு தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டே பேசுனாரு. நான் விடுதியில பாத்தவங்க யாரும் அப்படிப் பேசல."

அது உண்மை. பழைய பாடநூலின் ஒலிநாடாக்கள் இருபது ஆண்டுகளாக ஓடி ஓடித் தேய்ந்திருந்தன. அதில் வருகிறவர் பயணிகள் காசோலை மாற்றுவது பற்றிப் பேசுகிறார் என்று ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள்.

இதைத்தான் ஆசிரியை ஹிஜ்ரான் மூன்று வரியில் எழுதிக் கொடுத்தார். ஒலி கேட்கவில்லை, கேட்காததை வைத்து ஆட்களை வெளியேற்றுகிறோம், புத்தகத்தை மாற்றுங்கள். ஹிஜ்ரானுக்கு வேலை ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும். அப்படிப்பட்டவர்கள் பொதுவாக மூன்று வரி எழுதுவதில்லை.

தாஜெத்தின் ஹோஜம் கோபப்படவில்லை. (ஹோஜம் என்றால் 'என் ஆசானே'. எங்களிடம் பேராசிரியரும் ஹோஜம், ஆசிரியையும் ஹோஜம், அவசரத்துக்குத் தேநீர்க்காரரும் ஹோஜம்.) மாறாக மகிழ்ந்தார். ஏழு பேர் கொண்ட கேட்டல் பாடநூல் மதிப்பீட்டு வாரியம் அமைத்து, தானே தலைவரானார். ஹிஜ்ரானை ஏழாவது உறுப்பினராகப் போட்டார். நான் குறிப்பெழுதினேன்.

முதல் கூட்டம் அக்டோபர் ஒன்பது. தேநீர் வந்தது. எங்கள் வழக்கப்படி எலுமிச்சை வாசனைத் தண்ணீரை எல்லோர் கையிலும் ஊற்றினார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஹோஜம்களே, கேக்கறதுங்கறது காது சம்பந்தப்பட்ட விஷயம்னு சாதாரண ஜனங்க நினைக்கிறாங்க. நான் கேட்டலைப் பத்தி நாப்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கேன். ஒண்ணுலகூடக் காதைப் பத்தி வராது. கேட்டல் ஒரு செயல்முறை. ஒரு மனப்பான்மை. சொல்லப்போனா, உண்மையான கேட்டல்காரனுக்குச் சத்தமே தேவையில்ல."

எல்லோரும் தலையசைத்தார்கள். நான் அப்படியே எழுதிக்கொண்டேன். இப்போதும் கோப்பில் இருக்கிறது.

பிறகு படிவம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. தயாரித்தவர் பேராசிரியை நெத்ரெத். மதிப்பீட்டியலில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெருமை அவர். கைப்பையில் எப்போதும் அளவுகோல் இருக்கும். அட்டையின் தடிமன், தாளின் வெண்மை, ஓரத்தின் அகலம், பக்க எண் இருக்கும் மூலை, புதுப் புத்தகத்தின் வாசனை என்று படிவம் நிதானமாகப் போயிற்று. அறுபத்து நான்காவது அம்சம் ஒலித்தெளிவு. நூற்றுப் பன்னிரண்டில் ஒலி பற்றி இருந்தது அது ஒன்றுதான்.

பதிப்பாளர் ஒருவர் ஒரு புத்தகமும், அதன் பின்னட்டையில் ஒட்டிய உறையில் ஒரு குறுந்தகடும் அனுப்பியிருந்தார். கூடவே கடிதம்: இது மதிப்பீட்டுப் பிரதி, உறை பிரிக்கப்பட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம். ஹிஜ்ரான் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"கையை எடும்மா!" என்று நெத்ரெத் கத்தினார். தேநீர்க் குவளைகள் ஆடின. "அது பதிவேட்டுல ஏறின பொருள். திருப்பிக் கொடுக்க வேண்டியது."

"பிரிக்காம எப்படி ஹோஜம் கேக்கறது?"

"கேக்கணும்னு எங்க எழுதியிருக்கு? வாரியத்துப் பேரைப் படி. மதிப்பீட்டு வாரியம்."

ஹிஜ்ரான் சுற்றிலும் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். இணைப் பேராசிரியர் ஃபெரிதுன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லீட்ஸில் இரண்டு ஆண்டு படித்தவர்; அவரது பதவி உயர்வுக் கோப்பு அப்போது தலைவர் மேசையில் இருந்தது.

"அப்ப அறுபத்து நாலுக்கு என்ன புள்ளி போடறது?" என்று ஹிஜ்ரான் கேட்டார்.

தலைவர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "புத்தகத்துக் கடைசியில ஒலிப்பதிவோட எழுத்து வடிவம் இருக்கு பாரு. அதைப் படி. எழுத்து தெளிவா அச்சாயிருக்கா? இருக்கு. அப்ப ஒலியும் தெளிவாத்தான் இருக்கும். முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், நல்ல புத்தகத்தைக் கையில எடுத்தாலே காதுல விழும்."

நெத்ரெத் புத்தகத்தை எடுத்து எடை பார்த்தார். அப்படியே கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"விழுது," என்றார்.

அறுபத்து நான்காவது அம்சம், ஒலித்தெளிவு: ஐந்துக்கு ஐந்து. ஆறு கைகள் ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. நான் தட்டச்சு செய்தேன்: ஒலி கேட்கப்பட்டு, தெளிவாக இருப்பது உறுதி செய்யப்பட்டது. அந்த வாக்கியம் என்னுடையது. எந்த அம்சத்தை மதிப்பிட்டாலும் அந்த மாதிரி ஒரு வாக்கியம் போடுவது அலுவலக வழக்கம். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அன்றே எல்லாம் முடிந்திருக்கும். முப்பத்தோராவது அம்சம் தடுத்தது. பண்பாட்டுப் பொருத்தம். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு குடும்பம் இரவு உணவு உண்ணும் படம். மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை. குவளையில் சிவப்பாக ஏதோ.

"இது என்னது?" என்றார் தலைவர்.

 மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. நவம்பர், டிசம்பர் இரண்டு மாதம் அது உட்கார்ந்தது. வேதியியல் துறைக்கு எழுதிக் கேட்டது. படத்தை வைத்துத் திரவத்தைச் சோதிக்க முடியாது என்று பதில் வந்தது. கலைத்துறைக்கு எழுதியது, அவர்கள் குவளையின் வடிவம் கவலைக்குரியது என்றார்கள். ஜனவரி பதினான்காம் தேதி துணைக்குழு தன் முடிவை அறிவித்தது: அது புளிப்புச் செர்ரிச் சாறு. ஒவ்வொரு பிரதியிலும் அந்தக் குவளைக்குக் கீழே "செர்ரிச் சாறு" என்று ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும்.

ஒட்டுத்தாளின் அகலத்தைப் பற்றி பிப்ரவரியில் பேசினார்கள்.

மார்ச்சில் பேச்சு மாணவர்களின் முதுகெலும்புக்கு வந்தது: புத்தகத்தின் கனத்தில் அது வளைந்துவிடுமா? நூல் எடை பற்றிய பன்னிரண்டாவது அம்சத்துக்காக நெத்ரெத் சந்தைக்குப் போய்த் தக்காளித் தராசில் புத்தகத்தை நிறுத்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். ஏப்ரலில் நோன்பு மாதம் என்பதால் வாசனை பற்றிய அம்சத்தை முகர்ந்து பார்ப்பது நோன்பை முறிக்குமா என்று ஒரு கேள்வி எழுந்தது. எழுத்துப்பூர்வமான பதில் வரும்வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இந்த மாதங்களில் ஹிஜ்ரான் பழைய ஒலிநாடாவை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினார். முங்குகிற மனிதர் தினமும் முங்கினார். குல்தெஸ்தே வாரம் ஒருமுறை என் மேசைக்கு வருவாள்.

"அண்ணே, புத்தகம்?"

"செர்ரிச் சாறு."

"இன்னுமா?"

"ஒட்டுத்தாள் மூணு சென்டிமீட்டரா நாலான்னு பேசிக்கிட்டிருக்காங்க."

சிரிப்பாள். ஒருமுறை சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பது போலச் சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். "அண்ணே, எனக்கு இது கடைசி. விடுதியில என் இடத்துக்கு வேற பொண்ணு வந்தாச்சு. அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போனா அடுத்த மாசமே கல்யாணப் பேச்சு. ஜூன் பன்னிரண்டு ஒண்ணுதான் எனக்கு இருக்கு."

மே முப்பதாம் தேதி புத்தகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மொத்தப் புள்ளி ஐநூற்று அறுபதில் ஐநூற்று முப்பத்தொன்பது. பதிப்பாளருக்கு ஆணை தட்டச்சு செய்யும்போது, புத்தகம் இருநூறு என்ற வரிக்குக் கீழே குறுந்தகடு என்று நான் போட்டதைத் தலைவர் பச்சை மையால் அடித்தார்.

"குறுந்தகடு நம்மகிட்டதான் இருக்கே, வக்காஸ். மதிப்பீட்டுப் பிரதியோட வந்தது. இருக்கிறதை எதுக்கு மறுபடி வாங்கணும்? அரசாங்கத்துப் பொருள்ல நாம சிக்கனமா இருக்கணும்."

ஹிஜ்ரான் உடனே வந்தார். "அப்ப அதைப் பிரிச்சு ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம் ஹோஜம். இன்னும் பதிமூணு நாள் இருக்கு."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நேத்து வரைக்கும் அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். அதனால பிரிக்க முடியாது. இன்னிக்கி அது தேர்வுப் பொருள். தேர்வுக்கு முன்னால பிரிச்சா ரகசியம் போச்சு. நீங்க சட்டத்தைப் படிக்கணும் ஹோஜம், சும்மா உணர்ச்சிவசப்படக் கூடாது."

உறை இரும்பு அலமாரிக்குள் போயிற்று. சாவியை நெத்ரெத் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஜூன் பன்னிரண்டு, காலை பத்து மணி. கூடத்தில் பத்தொன்பது பேர். புத்தகத்தின் கடைசியில் இருந்த எழுத்து வடிவத்தைப் பார்த்துத் தயாரித்த இருபது வாக்கியங்கள் அச்சடித்த தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, தவறு என்று இரண்டு கட்டம். ஒலியைக் கேட்டு எது சரி எது தவறு என்று நிரப்ப வேண்டும். ரயில் ஆறரைக்குக் கிளம்புகிறது, மிஸ்டர் ஹார்வி சூப்பை விரும்பவில்லை, இப்படி. நெத்ரெத் எல்லோர் முன்னிலையிலும் உறையைக் கத்தரித்தார். பிரிக்கப்பட்டது என்று ஒரு தாளில் மூன்று பேர் கையெழுத்திட்டோம். குறுந்தகடு சுழன்றது.

ஒரு பெண் குரல். இனிமையான குரல்தான். ஒரு வாக்கியம் சொன்னது. பிறகு மெல்லிய பியானோ. மறுபடி அந்தப் பெண், அதே வாக்கியம். பிறகு பியானோ.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை.

மேற்பார்வைக்கு நின்ற ஹிஜ்ரானின் முகம் சுண்ணாம்பாயிற்று. ஓசை எழாமல் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"ஹோஜம், நிறுத்துங்க! அது வெறும் மாதிரிக்கு அனுப்பின தகடு! 'இது மாதிரி ஒலிப்பதிவு, முழுப் பதிவுக்குப் பதிப்பாளரை அணுகவும்'னு அந்தப் பொம்பளை சொல்லிக்கிட்டே இருக்கா. வேற ஒண்ணுமே இல்ல அதுல!"

தலைவர் எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "ஒலி ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு."

"ஆரம்பிச்ச ஒலியை நிறுத்தக் கூடாது. விதி பதினேழு. அப்புறம், தேர்வு நேரத்துல மேற்பார்வையாளர் கூடத்தை விட்டு வெளிய வந்தது விதி இருபத்திரண்டு. வக்காஸ், குறிச்சுக்கோ."

குறித்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

பதினெட்டு நிமிடம். அந்தப் பெண் முப்பத்தாறு முறை சொன்னாள். பத்தொன்பது பேரும் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள்; பிறகு தாளைப் பார்த்தார்கள்; பிறகு பேனா எடுத்தார்கள். ஒருவன் பாக்கெட்டிலிருந்து ஒரு லிரா நாணயத்தை எடுத்து மேசைக்குக் கீழே சுண்டிச் சுண்டிப் பார்த்து நிரப்பினான். ஒருத்தி எல்லாவற்றுக்கும் சரி போட்டாள். குல்தெஸ்தே ஒரு கட்டத்தையும் தொடவில்லை. தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தில், வரவேற்பு மேசையில் விருந்தினர் செய்தியைக் குறித்துக்கொள்வது போல, இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

முடிவு வந்தது. ஐந்து பேர் தேறினார்கள். நாணயம் சுண்டியவனுக்கு எழுபது. குல்தெஸ்தேவுக்குப் பூஜ்யம்.

ஹிஜ்ரான் அவள் தாளை எடுத்துவந்து என் மேசையில் வைத்து, அந்த இரண்டு வரியையும் மொழிபெயர்த்துச் சொன்னார்: *இது மாதிரி ஒலிப்பதிவு என்று அந்த அம்மா சொல்கிறார். முழுப் பதிவு வேண்டுமானால் பதிப்பாளரைக் கேட்க வேண்டுமாம். அவரைக் கேளுங்கள்.*

"பத்தொன்பது பேர்ல ஒருத்தி கேட்டிருக்கா, வக்காஸ் அண்ணே. கேட்டதைப் புரிஞ்சு எழுதியிருக்கா. அவளுக்குப் பூஜ்யம்."

குல்தெஸ்தே மனுக் கொடுத்தாள். ஒரே வேண்டுகோள்: வாரியம் அந்தத் தகட்டை ஒருமுறை கேட்க வேண்டும்.

ஜூன் இருபதாம் தேதி கூட்டம். தேநீர் வந்தது. வாசனைத் தண்ணீர் வந்தது. தலைவருக்கு அந்த வேண்டுகோளில் எந்தத் தொந்தரவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"போடுங்க, போடுங்க. நம்மகிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஹிஜ்ரான் போட்டார். பெண் சொன்னாள். பியானோ. பெண் சொன்னாள். பியானோ. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மேசையில் தாளம் போட்டார். நெத்ரெத் படிவத்தைப் புரட்டி அறுபத்து நான்காவது அம்சத்தைத் தேடினார். மூன்றாம் முறை. நான்காம் முறை. தலைவர் கையை உயர்த்தினார்.

"போதும். கேட்டீங்களா? எவ்வளவு சுத்தமான உச்சரிப்பு! மெதுவா, அழுத்தமா, நடுநடுவுல யோசிக்க நேரம் கொடுத்து. இதைவிடத் தெளிவா ஒரு பொம்பளை எப்படிப் பேச முடியும்? இது புரியலன்னா கோளாறு தகட்டுல இல்ல, காதுல இருக்கு."

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றார் நெத்ரெத். "ஐந்துக்கு ஐந்து நாம சும்மாவா போட்டோம்?"

ஹிஜ்ரான் எழுந்து நின்றார்.  "அந்தப் பொம்பளை என்ன சொன்னா ஹோஜம்?"

"என்ன?"

"என்ன சொன்னான்னு கேட்டேன். நாலு தடவை கேட்டீங்களே. நாப்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கீங்களே. என்ன சொன்னா?"

 ஃபெரிதுன் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டி கண்ணாடியில் கிணிங் கிணிங் என்றது. ஃபெரிதுன் தேநீரில் சர்க்கரை போடுவதே இல்லை. ஹிஜ்ரான் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க ஃபெரிதுன் ஹோஜம். உங்களுக்குத் தெரியும்."

கரண்டி நின்றது. "நான்... பெரும்பான்மையோட கருத்துதான் எனக்கும்," என்றார் ஃபெரிதுன், குவளையிடம்.

தலைவர் தன்னைச் சரிசெய்துகொண்டார். "ஹிஜ்ரான் ஹோஜம், இது தேர்வு அறை இல்ல. நாங்க மாணவர்களும் இல்ல. உள்ளடக்கத்தைப் புரிஞ்சுக்கறது மாணவனோட கடமை. வாரியத்தோட கடமை தரத்தை மதிப்பிடறது. ரெண்டையும் குழப்பிக்கறதாலதான் இந்த நாட்டுல கல்வி இப்படி இருக்கு. மனு நிராகரிக்கப்படுது. அந்தப் பொண்ணு எழுதினது விடைக்குறிப்புல உள்ள எந்த விடையோடயும் பொருந்தல. மேலும் கட்டத்துக்கு வெளிய எழுதியிருக்கா."

ஆறுக்கு ஒன்று. ஹிஜ்ரான் தன் மறுப்புக் குறிப்பை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் விதி இருபத்திரண்டு.

பெயரை அடிப்பதற்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. போகிறவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று பதினோரு இடங்களில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். குல்தெஸ்தே ஜூலை முதல் வாரம் அந்தப் படிவத்தோடு அலைந்தாள். நூலகம், உணவகம், விடுதி, விளையாட்டுக் கிடங்கு. பத்து முடிந்து என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, பதினொண்ணாவது இடம் எங்க இருக்கு? கேட்டல் ஆய்வுக்கூடம்னு போட்டிருக்கு."

"நம்மகிட்ட கேட்டல் ஆய்வுக்கூடம் இல்லம்மா."

"அது தெரியும். ரெண்டு வருஷம் தேடினேனே. அங்கேருந்து நான் எதையும் எடுத்துட்டுப் போகலன்னு யாரு கையெழுத்துப் போடறது?"

 அவள் உட்கார்ந்துகொண்டாள். அவளை அழவைத்த இடம் அதுதான். பூஜ்யத்துக்கு அவள் அழவில்லை.

தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுதி மேசைக் குரலில் கேட்டாள்: "அண்ணே, உங்ககிட்ட ஒரு முத்திரை இருக்கே, 'மூலத்தோடு ஒத்தது'ன்னு. கூட்டக் குறிப்பு எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து அதைக் குத்தித் தருவீங்களா?"

சம்பந்தப்பட்டவர் கேட்டால் தருவது என் கடமை. பதினாறு பக்கம். ஒவ்வொன்றிலும் குத்தினேன். அக்டோபர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில், ஒலி கேட்கப்பட்டு என்று நானே தட்டச்சு செய்த வரிக்குக் கீழே முத்திரையை வைக்கும்போது மட்டும் கை சற்று நின்றது. மூலத்தோடு அது ஒத்ததுதான். பதினோராவது கையெழுத்தையும் நானே போட்டேன்.

குல்தெஸ்தே தொடுத்த வழக்கில், செப்டம்பர் பதினெட்டாம் தேதி நிர்வாக நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று கேள்விகள். மூன்றாவது: பாடநூலின் ஒலிப்பதிவை வாரியம் கேட்டதா, கேட்டது என்றால் அதில் இருந்தது என்ன, சுருக்கமாகத் தெரிவிக்கவும்.

தலைவர் கடிதத்தின் தலைப்பை மட்டும் பார்த்தார்.

"வழக்கம்போல எழுதிடு, வக்காஸ். கையெழுத்துக் கோப்புல வச்சிடு."

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். பத்தொன்பது ஆண்டுகளில் அந்தக் கோப்பில் நான் வைத்த எந்தக் கடிதத்தையும் அவர் படித்ததில்லை. பக்கத்தைப் புரட்டுவார், பச்சை மையில் வளைத்துப் போடுவார், அடுத்ததைப் புரட்டுவார். எழுதத் தொடங்கினேன். இதற்கு முன் எழுதிய எந்தக் கடிதத்தையும்விட நிதானமாக எழுதினேன்.

*மூன்றாம் கேள்விக்குப் பதில். மதிப்பிடும்போது ஒலிப்பதிவு கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டதாகக் குறிப்பில் உள்ள வாக்கியம் எழுத்தர் தாமாகச் சேர்த்தது. ஒலிப்பதிவு முதன்முதலில் தேர்வு நாளன்று ஒலித்தது. 'இது மாதிரி ஒலிப்பதிவு, முழுப் பதிவுக்குப் பதிப்பாளரை அணுகவும்' என்ற ஒரு வாக்கியம் அதில் முப்பத்தாறு முறை உள்ளது. வேறெதுவும் இல்லை. பின்னர் வாரியம் அதை நான்கு முறை கேட்டு, உச்சரிப்பைப் பாராட்டியது. தேர்வு எழுதியவர்களில் ஒருவர் மட்டும் அதில் இருந்ததை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். கேட்டல் திறன் போதாது என்று அவரை நீக்கியுள்ளோம்.*

இரண்டு படி எடுத்தேன். கோப்பில், விடுமுறைக் கடிதத்துக்கும் விளக்குமாறு கோரிக்கைக்கும் நடுவில் வைத்தேன்.

தலைவர் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. 

"ஒலித்தெளிவு ஐந்துக்கு ஐந்துன்னு போட்டிருக்கியா?"

"உச்சரிப்பைப் பாராட்டினதா எழுதியிருக்கேன் ஹோஜம்."

"நல்லது," என்று வளைத்துப் போட்டார். விளக்குமாறுக்கும் போட்டார்.

எண் கொடுத்தேன். முத்திரை வைத்தேன். பல்கலைக்கழகத் தபால் மறுநாள் காலைதான் போகும்; அதற்குள் யாராவது படித்துவிட்டால்? அன்று காற்று பலமாக இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை உள்பையில் வைத்து, ஊர்த் தபால் நிலையத்துக்கு நானே நடந்து போய்ப் பதிவுத் தபாலில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.